கபடியில் கிழிந்த முழங்கால் ஜவ்வு: ஆபரேஷனும் அதற்கப்புறமான ஒன்பது மாதமும்

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியும். மேலூர் பக்கம் கிராமம். தம்பிக்கு 22 வயது, கபடியில் ரைடர். பங்குனித் திருவிழா ஆட்டத்தில் நடுக்கோட்டைத் தொடத் திரும்பும்போது வலது முழங்காலில் ‘டக்’ என்று ஒரு சத்தம். ராத்திரிக்குள் மூட்டு பந்து மாதிரி வீங்கிவிட்டது. நாட்டு வைத்தியரிடம் கட்டுப் போட்டு மூன்று வாரம் வைத்திருந்தீர்கள். வீக்கம் வற்றி நடக்கத் தொடங்கினான். ஆனால் வரப்பில் இறங்கும்போதும் சட்டென்று திரும்பும்போதும் கால் நழுவுகிறது என்கிறான். மதுரையில் எம்ஆர்ஐ எடுத்ததில் ஏசிஎல் என்கிற முழங்கால் ஜவ்வு முழுதாகக் கிழிந்திருக்கிறது, உள்பக்க மெனிஸ்கஸிலும், அதாவது மூட்டுக்குள் இருக்கிற மெத்தையிலும், கிழிசல் என்று வந்திருக்கிறது. ஒரு டாக்டர் உடனே ஆபரேஷன் என்கிறார், இன்னொருவர் தசையை வலுவாக்கினால் போதும் என்கிறார். தம்பிக்குப் போலீஸ் தேர்வுக்கும் போக வேண்டும், கபடியையும் விட முடியாது. அம்மா பயப்படுகிறார்கள். அம்மா தனியாகக் கேட்ட கேள்வி ஒன்று இருக்கிறது, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நான் மதுரையில் 18 வருடமாக பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். ஆபரேஷன் செய்வது எலும்பு மூட்டு சர்ஜன். ஆபரேஷன் முடிந்த கால்களோடு மாதக்கணக்கில் உட்கார்ந்திருப்பது என் வேலை. அந்த இடத்திலிருந்துதான் இதைச் சொல்கிறேன். தம்பியின் காலைத் தொட்டுப் பார்த்த சர்ஜனின் முடிவுதான் கடைசி முடிவு.

நேராகப் பதில் வேண்டுமென்றால்: நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் தம்பிக்கு ஆபரேஷன் தேவைப்படும் என்றே நினைக்கிறேன். ஆனால் அது நாளைக்கே நடக்க வேண்டியதில்லை. அதற்கு முன் கால் முழுதாக நீள வேண்டும், வீக்கம் போக வேண்டும். ஆபரேஷனுக்கு அப்புறம் ஒன்பது மாதம் உழைக்கிற மனசு வேண்டும். அந்த ஒன்பது மாதத்துக்கு வீட்டில் எல்லோரும் தயாரா என்பதைத்தான் ஆபரேஷன் தேதிக்கு முன்னால் பேசி முடிக்க வேண்டும்.

என்ன நடந்தது என்று கொஞ்சம் பார்ப்போம். தொடை எலும்பையும் கணுக்கால் வரை போகிற கீழ்க்கால் எலும்பையும் மூட்டுக்குள்ளேயே பிடித்து வைத்திருக்கிற ஜவ்வுகள் இரண்டு, ஒன்றுக்கொன்று குறுக்காகப் போகும். முன்பக்கம் இருப்பது ஏசிஎல். சுமார் 3 சென்டிமீட்டர் நீளம், சுண்டுவிரல் கனம், அவ்வளவுதான். கீழ்க்கால் எலும்பு முன்னால் சரிந்துவிடாமலும், பாதம் ஊன்றியிருக்கும்போது உடம்பு திரும்பினால் மூட்டு சுழன்றுவிடாமலும் பிடித்துக்கொள்வது அதன் வேலை. கபடியில் ரைடர் செய்வதெல்லாம் அதற்கு எதிரான காரியம்: வேகமாகப் போய், காலை ஊன்றி, உடம்பைத் திருப்பி வெட்டிக்கொண்டு வருவது. யாரும் மேலே விழாமலேயே இது கிழியும். பாதி பேருக்கு மேல் அப்படித்தான் கிழிகிறது. ‘டக்’ சத்தமும் சில மணி நேரத்துக்குள் வருகிற பெரிய வீக்கமும் சேர்ந்து வந்தால் மூட்டுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது என்று பொருள். அப்போதே ஏசிஎல்லை சந்தேகப்பட வேண்டும். எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியாது. ‘எக்ஸ்ரேல ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்க’ என்று ஆறு மாதம் கழித்து வருகிறவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன்.

கட்டுப் போட்டது தப்பா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் எழுத்தில் அந்த வருத்தம் தெரிகிறது. நம் பக்கம் முக்கால்வாசி வீடுகளில் முதலில் செய்வது அதுதான். முட்டையும் உளுந்தும் வைத்துப் பத்துப் போட்டு, மூங்கில் சிம்பு வைத்துக் கட்டுவார்கள். மூன்று வாரத்தில் வீக்கம் வற்றும், ‘கட்டு பிடித்துவிட்டது’ என்று தோன்றும். உண்மையில் மூட்டுக்குள் கசிந்த ரத்தத்தை உடம்பு இரண்டு மூன்று வாரத்தில் தானே உறிஞ்சிக்கொள்ளும், கட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும். வலி போய்விடும், ஜவ்வு கிழிந்தபடியே இருக்கும். எலும்பு முறிந்தால் அந்த இடத்தில் ரத்தம் உறைந்து அதன்மேல் புது எலும்பு வளரும். ஏசிஎல் இருப்பதோ மூட்டு நீருக்குள். அந்த நீர் ரத்தத்தை உறைய விடாமல் கரைத்துவிடும், கிழிந்த இரண்டு நுனிகளுக்கு நடுவில் பாலம் போட ஒன்றும் மிஞ்சாது. ஆட்டுக்கால் சூப்பும் அப்படித்தான். தம்பி தாராளமாகக் குடிக்கட்டும், உடம்புக்கு நல்லது. ஜவ்வை அது ஒட்டவைக்காது.

அந்த மூன்று வாரக் கட்டால் வந்த நஷ்டம் வேறு. தொடையின் முன்தசை கரைந்திருக்கும், முழங்கால் முழுதாக நீட்ட வராமல் இருக்கும். அதைச் சரிசெய்யலாம். அதற்காக அம்மாவையோ உங்களையோ நொந்துகொள்ள வேண்டாம்.

சரி, இரண்டு டாக்டர்கள் இரண்டு விதமாகச் சொன்னது. இதில் யாரும் பொய் சொல்லவில்லை. ஸ்வீடனில் 121 இளைஞர்களை வைத்து ஒரு ஆய்வு நடந்தது, 2010-ல் வெளியானது. ஒரு பாதிப் பேருக்குச் சீக்கிரமே ஆபரேஷன் செய்தார்கள். மறு பாதிப் பேருக்கு முதலில் உடற்பயிற்சி மட்டும், தேவைப்பட்டால் பிறகு ஆபரேஷன் என்று வைத்தார்கள். ஐந்து வருடம் கழித்துப் பார்த்தபோது அந்த இரண்டாவது கூட்டத்தில் சுமார் பாதிப் பேர் ஆபரேஷன் இல்லாமலேயே இருந்தார்கள். வலி, அன்றாட வேலை என்று பார்த்தால் இரண்டு கூட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே ஏசிஎல் கிழிந்தாலே கத்தி என்பது சரியில்லை. என்னிடம் வந்த 48 வயது டைலர் ஒருவர், பைக்கிலிருந்து விழுந்து கிழிந்தவர், நாலு மாதப் பயிற்சியிலேயே நன்றாக இருக்கிறார். மாடி ஏறுகிறார், வண்டி ஓட்டுகிறார், கால் நழுவுவதே இல்லை. அவருக்கு ஆபரேஷன் எதற்கு?

ஆனால் தம்பி விஷயம் மூன்று காரணத்தால் வேறு. ஒன்று, அவன் ஆடுவது வெட்டித் திரும்புகிற ஆட்டம். இரண்டு, வரப்பில் இறங்கும்போதே கால் நழுவுகிறது, அதாவது சும்மா நடக்கும்போதே மூட்டுக்குப் பிடிமானம் இல்லை. மூன்றாவதுதான் எனக்குப் பெரிய கவலை: மெனிஸ்கஸ். தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவில் பிறை வடிவத்தில் இருக்கிற ரப்பர் மாதிரியான மெத்தை அது. கால் ஒவ்வொரு முறை நழுவும்போதும் அந்த மெத்தை எலும்புகளுக்கு நடுவில் சிக்கி இன்னும் கொஞ்சம் கிழியலாம். அதன் வெளி ஓரத்துக்குத்தான் ரத்த ஓட்டம் உண்டு. அங்கே கிழிந்திருந்தால் தைக்கலாம், ஒட்டும். உள் ஓரத்தில் கிழிந்தாலோ, பல நழுவல்களில் நார்நாராகப் போய்விட்டாலோ, வெட்டி எடுப்பதைத் தவிர வழியிருக்காது. 22 வயதில் மெத்தையை இழந்தவனுக்கு 40 வயதிலேயே மூட்டுத் தேய்மானம் வந்து நிற்கலாம். அதனால் சர்ஜனிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “மெனிஸ்கஸைத் தைக்க முடியுமா?” என்பது. முடியும் என்றால் மாதக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள். மூட்டு மடங்கிய இடத்திலேயே பூட்டிக்கொண்டு நீட்டவே வரவில்லை என்றால் அது அவசரம், உடனே காட்டுங்கள். போகும்போது ரிப்போர்ட் தாளை மட்டும் கொண்டுபோகாமல் எம்ஆர்ஐ படத்தையும் எடுத்துப் போங்கள். நல்ல சர்ஜன் படத்தைத்தான் பார்ப்பார்.

அதுவரை என்ன செய்வது? விறைத்துப்போன, வீங்கிய மூட்டில் ஆபரேஷன் செய்தால் அப்புறம் அது விறைப்பாகவே நின்றுவிடும் ஆபத்து அதிகம். அதனால்தான் மூன்று முதல் ஆறு வாரம் பயிற்சி செய்துவிட்டு வரச் சொல்கிறார்கள். தம்பியைத் தரையில் மல்லாக்கப் படுக்கச் சொல்லுங்கள். இரண்டு முழங்காலின் பின்பக்கமும் தரையைத் தொடுகிறதா பாருங்கள். வலதுகாலுக்கு அடியில் கை நுழைகிற அளவு இடைவெளி இருந்தால் இன்னும் நீட்டம் வரவில்லை. குதிகாலுக்குக் கீழே சுருட்டிய துண்டை வைத்து, முழங்காலை அந்தரத்தில் விட்டு, பத்து நிமிடம் தானாக அமிழ விட வேண்டும், ஒரு நாளைக்கு நாலைந்து தடவை. கூடவே தொடை முன்தசையை இறுக்கி ஐந்து எண்ணும் வரை பிடித்து விடுவது. காலை நீட்டியபடியே மேலே தூக்குவது. ஓட்டம், குதிப்பு, திரும்பி ஆடுவது எதுவும் வேண்டாம். ‘சும்மா ஒரு ரைடு’ என்று களத்தில் இறங்கினால் மிச்சமிருக்கிற மெனிஸ்கஸும் போய்விடும்.

ஆபரேஷன் பற்றி. கிழிந்த ஜவ்வைத் தைத்துச் சேர்ப்பது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை, புதிதாக ஒன்று செய்து வைக்கிறார்கள். பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வார்கள். முழங்காலில் பென்சில் நுழைகிற அளவு துளைகள், ஒன்றில் கேமரா, ஒன்றில் கருவி. அதே காலிலிருந்து தசைநார் எடுப்பார்கள். தொடையின் பின்தசையான ஹாம்ஸ்ட்ரிங்கிலிருந்து ஒன்றோ இரண்டோ நார் எடுத்து நாலு மடிப்பாக்கித் தைப்பது நம் பக்கம் அதிகம். முழங்கால் சில்லுக்குக் கீழே இருக்கிற பட்டெல்லா நாரை இரண்டு பக்கமும் துண்டு எலும்போடு எடுப்பது இன்னொரு முறை. தொடை முன்தசை நார், கணுக்காலுக்கு வெளிப்பக்கம் ஓடுகிற பெரோனியஸ் நார் என்றும் எடுக்கிறார்கள். தொடை எலும்பிலும் கீழ்க்கால் எலும்பிலும் சுரங்கம் துளைத்து, அந்த நாரை உள்ளே இழுத்து, மேலே சின்ன பட்டனாலும் கீழே ஸ்க்ரூவாலும் நிறுத்துவார்கள். மொத்தம் ஒன்று, ஒன்றரை மணி நேரம். மெனிஸ்கஸ் தையல் சேர்ந்தால் இன்னும் கொஞ்சம் கூடும். பட்டன் பெரும்பாலும் டைட்டானியம். வாழ்நாள் முழுக்க உள்ளேயே இருக்கலாம், பிற்பாடு எம்ஆர்ஐ எடுக்கவும் தடையில்லை.

எந்த நார் நல்லது என்று சர்ஜனிடம் தயங்காமல் கேளுங்கள். ஹாம்ஸ்ட்ரிங் எடுத்தால் முன்பக்க வலி குறைவு, ஆனால் பின்தசை திரும்ப வலுவடைய நாளாகும். பட்டெல்லா நார் எலும்போடு எலும்பு ஒட்டுவதால் உறுதியாகப் பிடிக்கும். ஆனால் முட்டிபோடும்போது வலி இருக்கும், முட்டி தரையில் மோதுகிற கபடிக்காரனுக்கு அது சின்ன விஷயம் இல்லை. என் கண்ணில் பட்டவரை, எடுத்த நாரை விட, வைத்த இடம் சரியாக இருந்ததா, அப்புறம் பயிற்சி ஒழுங்காக நடந்ததா என்பவைதான் முடிவை மாற்றியிருக்கின்றன. வருடத்துக்கு எத்தனை ஏசிஎல் செய்கிறீர்கள் என்று சர்ஜனைக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

செலவு பற்றியும் ஒரு வார்த்தை. நம் பெரியாஸ்பத்திரியில், அதாவது அரசு இராசாசி மருத்துவமனையில், எலும்பு மூட்டுப் பிரிவும் பிசியோதெரபி பிரிவும் இருக்கின்றன. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை எடுக்கலாம். தனியார் ஆஸ்பத்திரிக்குப் போவதாக இருந்தாலும், இந்த ஆபரேஷனுக்கு அட்டை செல்லுமா, ஸ்க்ரூ பட்டன் எல்லாம் அதற்குள் அடங்குமா என்று காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பில்லில் கனமாக வருவது அந்தப் பொருட்கள்தான்.

இனி நான் அதிகம் சொல்ல வேண்டிய இடம், வீட்டுக்கு வந்த முதல் இரண்டு வாரம்.

வலியில் பிள்ளை முழங்காலை லேசாக மடக்கி வைத்துக்கொள்வான். அதைப் பார்க்கும் அம்மா பாசத்தில் முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணையைக் கொண்டுவந்து வைப்பார்கள். தயவுசெய்து வைக்க வேண்டாம். மடங்கிய நிலையிலேயே மூட்டு விறைத்துவிடும். தலையணை குதிகாலுக்குக் கீழே போகட்டும், முழங்கால் நேராக நீளட்டும். முதல் இரண்டு வாரத்தில் நீட்டத்தைத் தொலைத்தவர்கள் அதைத் திரும்பப் பெற மாதக்கணக்கில் அழுதிருக்கிறார்கள். சிலருக்கு உள்ளே வடு முடிச்சு விழுந்து மறுபடி ஆபரேஷன் அறைக்குப் போக வேண்டி வந்திருக்கிறது. மடக்குவது மெதுவாக வரும், இரண்டு வாரத்தில் 90 டிகிரி வந்தால் போதும். நீட்டுவதில் மட்டும் ஒரு டிகிரி கூட விட்டுக்கொடுக்கக் கூடாது.

அடுத்தது தொடைத்தசை. ஆபரேஷன் முடிந்த மறுநாள், “தொடையை இறுக்கு” என்பேன். பையன் முகத்தை இறுக்குவான், பல்லை இறுக்குவான், தொடை அசையாது. பயந்துபோய் “நரம்பு போயிடுச்சா அண்ணே?” என்று கேட்பான். நரம்பு போகவில்லை. மூட்டுக்குள் வீக்கம் இருக்கும்வரை மூளை அந்தத் தசையை அணைத்து வைக்கிறது. வீக்கத்தைக் குறைத்தால்தான் அது விழிக்கும். அதனால் காலை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வைப்பது, துணிக்கு மேல் ஐஸ் பை 15 நிமிடம், மணிக்கு ஒரு தடவை பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவது. இவை எல்லாம் மருந்து மாதிரி. இந்தக் கட்டத்தில் தசையைத் துடிக்க வைக்கிற கரண்ட் சிகிச்சை உதவும். ஆனால் ‘கரண்ட் வைக்கிறது’ மட்டும்தான் பிசியோதெரபி என்று மாதம் முழுக்கப் படுத்துக்கொண்டு கரண்ட் வைத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். அதில் ஜவ்வும் வளராது, தொடையும் வளராது. வேர்க்க வேர்க்க அவனே செய்ய வேண்டும்.

வீட்டில் முன்கூட்டியே செய்து வைக்க வேண்டியவை: தரை கக்கூஸ் என்றால், நடுவில் ஓட்டை போட்ட நாற்காலி ஒன்று வாங்கி அதன்மேல் வைத்துவிடுங்கள். பாய் வேண்டாம், கட்டில் வேண்டும். சாப்பாடு நாற்காலியில். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். மெனிஸ்கஸ் தைத்திருந்தால் கணக்கு வேறு. நாலு முதல் ஆறு வாரம் முழு எடை ஊன்ற விடமாட்டார்கள், 90 டிகிரிக்கு மேல் மடக்கவும் விடமாட்டார்கள். பக்கத்து ஊர்ப் பையன் இரண்டே வாரத்தில் ஊன்றுகோலைத் தூக்கிப் போட்டுவிட்டு நடந்தானே என்று ஒப்பிடாதீர்கள். அவனுக்குத் தையல் இருந்திருக்காது.

கெண்டைக்கால் வீங்கிக் கல் மாதிரி வலித்தால், திடீரென்று மூச்சு வாங்கினால், காய்ச்சல் வந்து மூட்டு சுட்டால், தையலில் நீர் கசிந்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். ரத்தக் கட்டும் தொற்றும் அபூர்வம்தான், ஆனால் தாமதித்தால் பெரிதாகும். கீழ்க்காலின் முன்பக்கம் ஒரு கை அகலத்துக்கு மரத்துப்போயிருப்பது மட்டும் பயப்பட வேண்டியதில்லை. நார் எடுத்த இடத்தில் தோல் நரம்பு ஒன்று குறுக்கே ஓடும். உணர்ச்சி பெரும்பாலும் மெல்லத் திரும்பும், சிலருக்குக் கொஞ்சம் மிச்சம் இருக்கும்.

இரண்டாவது வாரத்துக்கு மேல் ஆறாவது வாரம் வரை பெரிய கதை இல்லை. நேராக நடக்கப் பழகுவது, நின்ற சைக்கிளை மிதிப்பது, சுவரில் சாய்ந்து பாதி உட்காருவது. ஆறு வாரத்தில் 120 டிகிரி மடங்கினால் நன்றாகப் போகிறது என்று வைத்துக்கொள்ளலாம். வலது கால் என்பதால் பைக் பிரேக்கை அழுத்தித் தைரியமாக நிறுத்த வரும்வரை வண்டி வேண்டாம், ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். கிக்கர் உதைக்கிற வேலை இன்னும் தள்ளி. மேலூரிலிருந்து தினமும் பஸ் ஏறி மதுரைக்கு வந்துதான் பயிற்சி செய்ய வேண்டும் என்றில்லை. வாரம் ஒரு தடவை வந்து காட்டி, அடுத்த வாரத்துக்கானதைக் கற்றுக்கொண்டு போய், தினமும் வீட்டில் செய்தால் போதும். ஒரு நோட்டு போட்டு எழுதச் சொல்லுங்கள். எழுதுகிற பையன்கள் தவறவிடுவதில்லை.

இப்போது நான் பயப்படுகிற மாதம். மூன்றாவது, நாலாவது மாதம்.

உள்ளே வைத்த நார் முதல் நாள் உறுதியாகத்தான் இருக்கும். அப்புறம் ரத்த ஓட்டம் இல்லாமல் அதன் பழைய செல்கள் இறக்கும், உடம்பு புது ரத்தக் குழாய்களை அதற்குள் அனுப்பும், மெல்ல அதை ஜவ்வாக மாற்றும். இதற்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். இந்த மாற்றத்தின் நடுவில், சுமார் ஆறாவது வாரத்திலிருந்து மூன்றாவது மாதம் வரை, நார் தன் வாழ்நாளிலேயே பலவீனமாக இருக்கும். அதே நேரத்தில்தான் வலி போயிருக்கும், வீக்கம் போயிருக்கும், நடை சரியாகியிருக்கும், பையன் மனசு ‘எனக்குச் சரியாயிடுச்சு’ என்று சொல்லும். கால் சொல்வதும் நார் இருப்பதும் இரண்டு வேறு விஷயம்.

வாடிப்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்துகொண்டிருந்தான். அவ்வளவு ஒழுங்கு, ஒரு நாள் தவறமாட்டான். நாலாவது மாதம் ஊர்த் திருவிழா. அணியில் ஆள் குறைகிறது, ஒரு ஆட்டம்தானே என்று நண்பர்கள் கூப்பிட்டிருக்கிறார்கள். மூன்றாவது ரைடில் வைத்த நார் அறுந்தது. மறுநாள் என் எதிரில் உட்கார்ந்து அவன் அழுதது இன்னும் மனசில் இருக்கிறது. இரண்டாவது ஆபரேஷன் முதல் தடவை மாதிரி நேர்த்தியாக வருவதில்லை. எடுக்க வேறு நார் தேட வேண்டும், பழைய சுரங்கம் தடையாக இருக்கும். அவனைக் கூப்பிட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை, விவரம் தெரியாதவர்கள். அதனால்தான் தம்பியின் அணிக்காரர்களையும் கோச்சையும் ஒரு நாள் கூட்டி வந்து உட்கார வைத்துச் சொல்லுங்கள் என்கிறேன். ஒரு ஆள் மட்டும் எச்சரிக்கையாக இருந்தால் போதாது.

நேராக ஓடுவது மூன்று, நாலு மாதத்தில் தொடங்கலாம், மூட்டில் வீக்கம் இல்லாமலும் தொடை ஓரளவு திரும்பியும் இருந்தால். முதலில் மண் தரையில் மெல்லோட்டம், ஒரு நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடப்பது. மதுரையில் இருந்தால் ரேஸ்கோர்ஸ் மைதானம் நல்ல இடம், ஊரில் என்றால் பள்ளிக்கூட மைதானம். தார் ரோட்டில் வேண்டாம். குதிப்பது ஐந்தாவது மாதத்தை ஒட்டி, வெட்டித் திரும்புவது ஆறு ஏழு மாதத்தில், அதுவும் எதிராளி இல்லாமல். போலீஸ் தேர்வில் ஆண்களுக்கு 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். அந்த ஓட்டம் கபடியை விட முன்னதாகவே கைகூடும். கயிறு ஏறுவதில் முழங்காலுக்கு அவ்வளவு பாரம் இல்லை. நீளம் தாண்டுவதில் இறங்கும்போதுதான் கவனம், அதைக் குதிக்கிற கட்டம் முடியாமல் தொட வேண்டாம்.

களத்துக்கு எப்போது? ஒன்பது மாதத்துக்கு முன்னால் கிடையாது. இது வாய்க்கு வந்த எண் இல்லை. நார்வேயில் இப்படி ஆபரேஷன் ஆன 106 பேரைப் பின்தொடர்ந்து 2016-ல் ஒரு ஆய்வு வந்தது. ஆட்டத்துக்குத் திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும், ஒன்பதாவது மாதம் வரை, மறுகாயம் சுமார் பாதியாகக் குறைந்தது. காலண்டர் மட்டும் போதாது, கால் பரீட்சையிலும் தேற வேண்டும். மெஷின் இல்லாமல் வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். தொடையின் சுற்றளவை, சில்லுக்கு மேலே ஒரே உயரத்தில், இரண்டு காலிலும் டேப்பால் அளந்து பாருங்கள். நாற்காலியில் உட்கார்ந்து ஒற்றைக் காலில் எத்தனை தடவை எழ முடிகிறது என்று இரண்டு காலுக்கும் எண்ணுங்கள். ஒற்றைக் காலில் தாண்டி அதே காலில் நின்று தூரத்தை அளந்து பாருங்கள், நல்ல காலில் பத்தில் ஒன்பது பங்காவது வர வேண்டும். தாண்டி இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் சாய்கிறதா என்று செல்போனில் வீடியோ எடுங்கள். சாய்ந்தால் தூரம் எவ்வளவு வந்தாலும் தயாராகவில்லை. அதற்கப்புறமும் கடைசிச் சோதனைக்கு பிசியோதெரபிஸ்டிடம் வந்துவிட வேண்டும். தாண்டும் தூரத்தை இடுப்பையும் கணுக்காலையும் வைத்து ஈடுகட்டிவிடலாம், தொடை பலவீனம் மறைந்துகொள்ளும்.

தம்பியிடம் ஒன்றை மறைக்காமல் சொல்லுங்கள். உலகம் முழுக்க உள்ள ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் சுமார் 65 சதவீதம் பேர்தான் பழைய மட்டத்துக்கு ஆடத் திரும்புகிறார்கள். 25 வயதுக்குக் கீழே இருந்து ஆட்டத்துக்குத் திரும்பியவர்களில் நாலில் ஒருவருக்குக் கொஞ்சம் குறைவாக மறுபடி ஏசிஎல் கிழிகிறது, அதே காலிலோ மறு காலிலோ. இதைச் சொன்னால் பையன் சோர்ந்துபோவான் என்று வீட்டில் நினைப்பார்கள். நான் பார்த்தவரை, தெரிந்துகொண்ட பையன்கள்தான் எட்டாவது மாதத்திலும் பயிற்சியை விடாமல் செய்கிறார்கள். அந்த மறு காலுக்கும் அதே பயிற்சி கொடுங்கள். களத்தில் இறங்க மனசுக்குள் ஒரு பயம் இருக்கும். அது கோழைத்தனம் இல்லை. கணுக்கால் பிடி, கூட்டாக மடக்கிப் பிடிப்பது எல்லாவற்றையும் பயிற்சியில் பாதி வேகத்தில் நண்பர்களோடு பழகிப் பழகித்தான் அது போகும்.

அம்மா கேட்ட கேள்வி: பிள்ளை சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிடுவானா, அடுத்த சித்திரையில் அழகரை எதிர்கொண்டு அழைக்கக் கூட நடந்து வருவானா? சம்மணம் பொதுவாக நாலு மாதத்தை ஒட்டி வந்துவிடும், மெனிஸ்கஸ் தைத்திருந்தால் இன்னும் ஒன்றிரண்டு மாதம். முழுதாகக் குந்துவது ஆறு மாதத்துக்கு அப்புறம். ஆனி மாதம் ஆபரேஷன் நடந்தால், பங்குனித் திருவிழா வரும்போது ஒன்பது மாதத்தை அப்போதுதான் எட்டிக்கொண்டிருப்பான். அந்த ஆட்டத்தில் அவன் வெளியே உட்கார்ந்து பார்க்கட்டும், அம்மா அதில் உறுதியாக இருக்க வேண்டும். சித்திரையில், அழகரை எதிர்கொள்கிற மூன்றுமாவடி வரைக்கும் தாராளமாக நடந்து வரலாம், தண்ணீர் பீய்ச்சுகிறவர்களோடு ஆடலாம். வைகை ஆற்றுக்குள் இறங்குகிற கூட்டத்தில் மட்டும், ஈர மணலில் யாரும் இடித்துத் தள்ளாத ஓரமாக நிற்கச் சொல்லுங்கள்.